வெளிநாட்டுக்குப் போகும் சான்றிதழ்: முத்திரைக்கு அலைவதற்கு முன்னால்

உங்கள் சான்றிதழைக் கடைசியில் கையில் வாங்கிப் பார்க்கப்போகிறவர் யார்? பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவா, வேலை கொடுக்கும் மருத்துவமனையா, திருமணப் பதிவாளரா, குடிவரவுத் துறையா, வங்கியா? இது தெரியாமல் முத்திரைக்கென்று ஒரு காசும் செலவழிக்காதீர்கள். என்னிடம் வருகிறவர்களை நான் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் நாட்டின் பெயரைத்தான் சொல்வார்கள். நாடு மட்டும் தெரிந்தால் போதாது. ஒரே நாட்டில் ஓர் அலுவலகம் அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்பதற்காக, சான்றிதழில் உள்ள கையெழுத்தை உறுதிப்படுத்தி அரசு கொடுக்கும் சான்று) இல்லாத தாளைத் தொடாது. இன்னோர் அலுவலகம் ஸ்கேன் காப்பியே போதும் என்று சொல்லிவிடும்.

நான் சான்றிதழ் மொழிபெயர்ப்பாளர். பிறப்பு, திருமணம், விவாகரத்து, டிகிரி, காவல்துறை நன்னடத்தைச் சான்று, பவர் பத்திரம் எல்லாம் என் மேஜைக்கு வரும். அநேகமாக எல்லா முத்திரையும் குத்தி முடிந்த பிறகுதான் வரும். எந்தப் படி விட்டுப்போயிருக்கிறது என்பது தாளைப் புரட்டியதுமே தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்த நேரத்தில் சொல்லி என்ன பயன்? பணமும் போய், சேர்க்கைக்கான கடைசித் தேதியும் நெருங்கியிருக்கும். முதலிலேயே தெரிந்திருந்தால் தப்பித்திருப்பார்களே என்று ஒவ்வொரு முறையும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாளை வாங்கப்போகும் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் கேட்காதீர்கள், பதில் எழுத்தில் இருக்க வேண்டும். அசல் வேண்டுமா, சான்றளித்த நகல் போதுமா? அப்போஸ்டில் அல்லது தூதரக முத்திரை தேவையா? தேவையென்றால் அது அசலின் மேல் இருக்க வேண்டுமா, நோட்டரி நகலின் மேல் இருந்தால் ஏற்பீர்களா? சான்றிதழ் எத்தனை மாதங்களுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்? மொழிபெயர்ப்பை யார் செய்ய வேண்டும், அதற்கும் தனியாக முத்திரை வேண்டுமா? இவ்வளவுதான். வந்த பதிலை அச்செடுத்து கோப்பின் முதல் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யாராவது வேறு மாதிரி சொன்னால் அதை எடுத்துக் காட்டலாம்.

இந்த மின்னஞ்சலுக்கு "எதுவும் தேவையில்லை" என்றே பதில் வருவதும் உண்டு. கல்வித் தகுதியை மதிப்பிடும் அமைப்புகள் பல, மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே உறையில் போட்டு ஒட்டி நேராக அனுப்ப வேண்டும் என்றுதான் கேட்கின்றன. அங்கே நீங்கள் எத்தனை முத்திரையோடு போய் நின்றாலும் பயனில்லை.

அந்த முத்திரை எதற்குச் சாட்சி

சான்றிதழில் எழுதியிருப்பது உண்மை என்று அப்போஸ்டில் சொல்வதில்லை. கையெழுத்துப் போட்டவர் இன்னார், அவர் இந்தப் பதவியில் இருந்து கையெழுத்திட்டார், கீழே இருக்கும் முத்திரை இந்த அலுவலகத்தினுடையது. இந்த மூன்றை மட்டும்தான் அது சொல்கிறது. தூதரகம் வழியாகப் போகும் பழைய முறையும் அப்படித்தான். ஒவ்வொரு மேஜையும் தனக்கு முந்தைய மேஜையின் கையெழுத்துக்குச் சாட்சி சொல்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மீதிக் குழப்பங்களில் முக்கால்வாசி தானாகத் தீர்ந்துவிடும்.

அப்போஸ்டில் கையில் கிடைத்ததும் உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். அது ஒரு சதுரம், பக்கத்துக்குக் குறைந்தது 9 செ.மீ. இருக்க வேண்டும். சான்றிதழின் பின்புறம் ஒட்டியிருக்கும், அல்லது தனித் தாளாக இணைத்திருக்கும். எந்த நாடு கொடுத்தாலும் தலைப்பு பிரெஞ்சில்தான் இருக்கும். அப்போஸ்டிலுக்கு அடிப்படையான ஹேக் ஒப்பந்தத்தின் தேதியும் அதிலேயே வந்துவிடும். கீழே எண்ணிட்ட 10 விவரங்கள். முதலாவது, சான்றிதழ் எந்த நாட்டினுடையது. இரண்டாவது, யார் கையெழுத்திட்டது. மூன்றாவது, அவர் என்ன பதவியில். நான்காவது, யாருடைய முத்திரை. ஐந்திலிருந்து எட்டு வரை அப்போஸ்டில் எங்கே, என்று, யாரால் கொடுக்கப்பட்டது, அதன் எண் என்ன. ஒன்பதும் பத்தும் கொடுத்த அலுவலகத்தின் முத்திரையும் கையெழுத்தும்.

இரண்டாவது, மூன்றாவது வரிகளில் கண் வையுங்கள். ஓர் இளைஞர் முதுகலைச் சான்றிதழைக் கொண்டுவந்தார். எல்லாம் முடிந்தது, மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதும் என்றார். இரண்டாவது வரியில் ஒரு நோட்டரியின் பெயர் இருந்தது. மூன்றாவது வரியில் "நோட்டரி". பல்கலைக்கழகப் பதிவாளரின் பெயர் எங்குமே இல்லை. சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்து, அதில் நோட்டரி கையெழுத்து வாங்கி, அந்தக் கையெழுத்துக்கு அப்போஸ்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சட்டப்படி அதில் தப்பே இல்லை. ஆனால் அந்தத் தாளைப் பார்த்து, டிகிரியில் இருக்கும் கையெழுத்து பல்கலைக்கழகத்தினுடையதுதான் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் சேரப்போன பல்கலைக்கழகமோ அசலின் மேல்தான் வேண்டும் என்று தன் இணையதளத்திலேயே தெளிவாகப் போட்டிருந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நோட்டரி வழி எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. பவர் பத்திரம், உறுதிமொழிப் பத்திரம், பெற்றோர் சம்மதக் கடிதம் போன்றவை தனிமனிதர்கள் எழுதிக் கையெழுத்திடுபவை. அவற்றுக்கு நோட்டரிதான் வாசல். அரசோ நீதிமன்றமோ கொடுத்த சான்றிதழ் என்றால், கொடுத்த அதிகாரியின் கையெழுத்தை உறுதிப்படுத்தும் வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டு பாதை

5 அக்டோபர் 1961 தேதியிட்ட ஹேக் ஒப்பந்தம்தான் அப்போஸ்டிலுக்கு அடிப்படை. 1965 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இப்போது 125-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. சான்றிதழ் கொடுத்த நாடு, அது போய்ச் சேரும் நாடு, இரண்டும் உறுப்பினர் என்றால் ஒரே ஒரு அப்போஸ்டில் போதும். அதற்கு மேல் தூதரக முத்திரை கேட்கக் கூடாது. இரண்டில் ஒன்று உறுப்பினர் இல்லையென்றால் பழைய நீண்ட பாதைதான்.

இந்தப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது. ஐந்தாறு வருடங்களுக்கு முன் போய்வந்த உறவினர் சொல்லும் வழியை அப்படியே பின்பற்றுவது இதனால்தான் ஆபத்து. இந்தியாவில் இந்த ஒப்பந்தம் 2005 ஜூலையிலிருந்து செல்லும். சிங்கப்பூரில் 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சவூதி அரேபியாவில் 2022 டிசம்பர், சீனாவில் 2023 நவம்பர், கனடாவில் 2024 ஜனவரி 11. அந்தத் தேதிகளுக்கு முன்னால் எழுதிய வழிகாட்டிகள் எல்லாம் இன்னமும் இணையத்தில் கிடக்கின்றன. தேடினால் முதலில் வந்து நிற்பதும் சில சமயம் அவைதான். கனடாவுக்கு அனுப்பும் தாளுக்குத் தூதரக முத்திரை வேண்டும் என்று எங்காவது படித்தால், அது என்று எழுதப்பட்டது என்று பாருங்கள்.

இரண்டு நாடும் பட்டியலில் இருந்தும் ஒப்பந்தம் செல்லாத நிலையும் உண்டு. புதிதாகச் சேரும் நாட்டைப் பற்றி ஏற்கெனவே உள்ள உறுப்பினர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தெரிவித்தால் அந்த இரண்டு நாடுகளுக்கு இடையில் மட்டும் அப்போஸ்டில் செல்லாது. மற்ற எல்லோரிடமும் செல்லும். இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி இப்படி ஆட்சேபித்தது. ஆட்சேபங்களைப் பிற்பாடு திரும்பப் பெறுவதும் நடக்கிறது. இந்த ஒப்பந்தத்தைக் கவனிக்கும் ஹேக் மாநாட்டு அமைப்பின் (HCCH) இணையதளத்தில் உறுப்பு நாடுகளின் அட்டவணை இருக்கிறது. அதில் உங்கள் இரண்டு நாடுகளின் பெயரையும் தேடி, பக்கத்தில் உள்ள குறிப்புகளையும் திறந்து படித்துவிடுங்கள். ஒவ்வொரு நாட்டிலும் அப்போஸ்டில் கொடுக்க அதிகாரம் பெற்ற அலுவலகங்களின் பட்டியலும் அதே இடத்தில் கிடைக்கும்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பிறப்பு, திருமணம், இறப்பு போன்ற சான்றிதழ்களுக்கு 2019 பிப்ரவரியிலிருந்து அப்போஸ்டிலே தேவையில்லை. மொழிபெயர்ப்புச் செலவைக் குறைக்கப் பன்மொழிப் படிவமும் கேட்டு வாங்கலாம். பிரான்ஸில் பிறந்த குழந்தையின் சான்றிதழை இத்தாலியில் கொடுக்கப்போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் தாளுக்கு இது பொருந்தாது.

நீண்ட பாதை ஏறக்குறைய இப்படிப் போகும். சான்றிதழ் கொடுத்த அலுவலகம், அதன் மேல்மட்டத் துறை, அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் போகப்போகும் நாட்டின் தூதரகம். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு என்றால் அங்கே போன பிறகு அவர்களுடைய வெளியுறவு அமைச்சகத்தின் சான்றும் பொதுவாகக் கேட்பார்கள். ஒரு படியைத் தாண்டிக் குதிக்க முடியாது. முந்தைய மேஜையின் கையெழுத்து மாதிரி அடுத்த மேஜையிடம் இருந்தால்தான் அவர்களால் சாட்சி சொல்ல முடியும்.

தாள் பிறந்த நாட்டில்தான் முத்திரை

என்னிடம் வருகிறவர்களை மிக அதிகமாக அலைக்கழிப்பது இதுதான். நீங்கள் இப்போது எங்கே வசிக்கிறீர்கள் என்பதற்கும் அப்போஸ்டிலுக்கும் சம்பந்தமே இல்லை. எந்த நாடு அந்தச் சான்றிதழைக் கொடுத்ததோ அந்த நாட்டு அதிகாரிதான் கொடுக்க முடியும். ஒரு நாட்டில் பிறந்து, இன்னொரு நாட்டில் படித்து, மூன்றாவது நாட்டில் திருமணம் செய்து, நான்காவது நாட்டில் குடியேற விண்ணப்பிக்கும் ஒருவருக்கு மூன்று நாடுகளில் வேலை இருக்கிறது. படித்த நாட்டை விட்டுக் கிளம்பும்போதே டிகிரிக்கு அப்போஸ்டில் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நேரில் இருக்கும்போது சுலபமாக முடிகிற வேலை, தூரத்திலிருந்து செய்தால் கூரியரும் வேறொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் கடிதமும் நண்பர்களின் தயவுமாக இழுத்துக்கொண்டே போகும்.

நாட்டுக்குள்ளும் எந்த அலுவலகம் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு மாநிலம் கொடுத்த பிறப்புச் சான்றிதழுக்கு அந்த மாநிலம்தான் அப்போஸ்டில் தரும். எஃப்.பி.ஐ. கொடுக்கும் குற்றப் பின்னணிச் சான்றுக்கு மத்திய அரசின் வெளியுறவுத் துறைக்குப் போக வேண்டும். ஒன்றை மற்றொன்றுக்கு அனுப்பினால் அப்படியே திரும்பி வரும். இந்தியாவில் அப்போஸ்டில் கொடுப்பது வெளியுறவு அமைச்சகம். ஆனால் அதற்கு முன்னால் கல்விச் சான்றிதழ் என்றால் மாநிலக் கல்வித் துறை, தனிப்பட்ட சான்றிதழ் என்றால் மாநில உள்துறை போன்ற ஓர் அலுவலகம், வணிக ஆவணம் என்றால் வர்த்தகச் சபை என்று ஒரு படி இருக்கிறது.

தூதரகங்கள் கொடுக்கும் சான்றிதழ்களில் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்குத் தங்கள் நாட்டுத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து சான்றிதழ் வாங்குகிறவர்கள் நிறைய. தூதரக அதிகாரிகள் கையெழுத்திட்ட ஆவணங்களை ஒப்பந்தமே முதல் பிரிவில் விலக்கி வைத்திருக்கிறது. அதற்கு அப்போஸ்டில் கேட்டு அலையாதீர்கள். குழந்தை பிறந்த ஊரின் பதிவாளர் கொடுத்த சான்றிதழை எடுத்து, அதற்கு அந்த நாட்டில் அப்போஸ்டில் வாங்குங்கள். அதே பிரிவு வணிகத்தோடும் சுங்கத்தோடும் நேரடியாகத் தொடர்புள்ள நிர்வாக ஆவணங்களையும் விலக்குகிறது. ஏற்றுமதித் தாள்களோடு இருப்பவர்கள் வர்த்தகச் சபையில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

தாளைத் தயார் செய்வது

முடிந்தால் புதிய சான்றிதழாக எடுங்கள். வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய பிறப்புச் சான்றிதழில் கையெழுத்து மங்கியிருக்கும். போட்டவர் எப்போதோ ஓய்வு பெற்றிருப்பார். அவர் கையெழுத்து மாதிரி யாரிடமும் இருக்காது. அதே பதிவை இன்றைய அதிகாரி கையெழுத்தோடு புதிதாக வாங்கினால் பாதி இழுபறி போய்விடும். வாங்கும்போதே இரண்டு மூன்று பிரதிகளாக வாங்குங்கள். பல அலுவலகங்கள் அப்போஸ்டில் போட்ட தாளை வாங்கி வைத்துக்கொள்ளும், திருப்பித் தராது.

லேமினேஷன் செய்யாதீர்கள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் பெற்றோர் செய்து வைத்ததைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை நிற்காது, கையெழுத்தையும் தடவிப் பார்த்துச் சோதிக்க முடியாது. பல இடங்களில் எடுத்தவுடனே நிராகரித்துவிடுவார்கள். லேமினேட் செய்த தாளை வெந்நீரிலோ இஸ்திரிப் பெட்டியாலோ பிரிக்கவும் முயலாதீர்கள். மறுபிரதிக்கு விண்ணப்பியுங்கள்.

அப்புறம் பெயர். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு சான்றிதழோடும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் தலைப்பெழுத்து மட்டும், இன்னொன்றில் அது முழுப் பெயராக விரிந்திருக்கும். ஓர் எழுத்து கூடியிருக்கும், பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். அப்போஸ்டில் இதில் எதையும் சரி செய்யாது. பிழையோடு முத்திரை குத்தினால் பிழையுள்ள சான்றிதழ்தான் வெளிநாடு போகும். முதலில் திருத்தம், பிறகுதான் முத்திரை. திருத்தவே முடியாத வித்தியாசம் என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று உறுதிமொழிப் பத்திரம் ஏற்பார்களா என்று தாளை வாங்கப்போகும் அலுவலகத்திடமே கேளுங்கள்.

அப்போஸ்டிலைத் தனித் தாளாக இணைத்துக் கொடுத்திருந்தால் அந்தப் பின்னைக் கழற்றவே கூடாது. ஸ்கேன் செய்ய வசதியாக இருக்கும் என்று கழற்றி மறுபடி குத்தியிருப்பதைப் பார்க்கிறேன். பழைய துளை இரண்டு, புதுத் துளை இரண்டு, ஒன்றோடொன்று பொருந்தாமல். தாள் மாற்றப்பட்டதோ என்ற சந்தேகத்துக்கு அந்தத் துளைகளே போதும். மடக்கிப் பிடித்து போன் கேமராவில் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம், பின்பக்கம், வெற்றாகத் தெரியும் பக்கம் உட்பட எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

மொழிபெயர்ப்பு எப்போது

பொதுவாக, சான்றிதழுக்கு முதலில் அப்போஸ்டில், அதன் பிறகு மொழிபெயர்ப்பு. அப்போதுதான் அப்போஸ்டிலில் உள்ள வரிகளும் மொழிபெயர்ப்பில் சேரும். வாங்குகிற அலுவலகம் பெரும்பாலும் அதையும் எதிர்பார்க்கிறது. முன்கூட்டியே மொழிபெயர்த்துவிட்டு அப்புறம் முத்திரை வாங்கினால் மறுபடி என்னைப் போன்ற ஒருவருக்குக் காசு கொடுக்க நேரும்.

யார் மொழிபெயர்ப்பது என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பெயினில் வெளியுறவு அமைச்சகமே நியமித்த மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் நீதிமன்ற அமைப்பின் கீழ் உறுதிமொழி எடுத்தவர்கள். பிரிட்டனில் அப்படி அரசுப் பட்டியல் முறை இல்லை. மொழிபெயர்ப்பாளர் தன் பெயர், தேதி, தொடர்பு விவரத்தோடு "இது சரியான மொழிபெயர்ப்பு" என்று எழுதிக் கையெழுத்திட்டால் பல இடங்களில் ஏற்பார்கள். ஸ்பெயின், ஜெர்மனி போன்ற நாடுகளுக்குப் போகும் தாளை, உங்கள் ஊரில் மொழிபெயர்க்காமல் அந்த நாட்டின் அதிகாரபூர்வப் பட்டியலில் இருப்பவரிடம் ஸ்கேன் அனுப்பிச் செய்வதே நல்லது. என் தொழிலுக்கு எதிராக நானே சொல்கிறேன், உங்களுக்கு ஒரே தடவையில் முடிய வேண்டும்.

காலாவதி, ஏஜென்ட், மறுப்பு

அப்போஸ்டிலுக்குக் காலாவதி இல்லை. ஆனால் அதன் கீழே இருக்கும் சான்றிதழுக்கு வயது பார்ப்பார்கள். நன்னடத்தைச் சான்றையும் திருமணமாகாதவர் என்ற சான்றையும் மூன்று அல்லது ஆறு மாதங்களுக்குள் எடுத்ததாகக் கேட்பது வழக்கம். எனவே இந்த இரண்டையும் கடைசியாக எடுங்கள். டிகிரி, பிறப்புச் சான்றிதழ் வேலைகளை முதலில் முடித்துவிடுங்கள். திருமணத் தேதி குறித்துவிட்டு, எடுத்து எட்டு மாதமான சான்றோடு பதிவாளர் முன்னால் நிற்க வேண்டிய நிலை யாருக்கும் வரக் கூடாது.

ஏஜென்டிடம் கொடுப்பதில் தவறில்லை. எந்த அலுவலகத்தில் எந்த முத்திரை வாங்கப்போகிறார், அசலின் மேலா நகலின் மேலா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாம் பார்த்துக்கிறேன்" என்ற பதில் போதாது. அப்போஸ்டில் கைக்கு வந்ததும் அதைச் சரிபாருங்கள். கொடுக்கும் ஒவ்வோர் அலுவலகமும் பதிவேடு வைத்திருக்க வேண்டும், யார் கேட்டாலும் அந்த எண்ணும் தேதியும் சரியா என்று சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவு. பல நாடுகளில் இந்தப் பதிவேடு இணையத்திலேயே இருக்கிறது. எண்ணையும் தேதியையும் போட்டால் தெரிந்துவிடும். முகவரியை அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து நீங்களே எடுத்துத் தட்டச்சு செய்யுங்கள். போலித் தாளில் இருக்கும் கியூஆர் குறி போலியான பக்கத்துக்கும் கூட்டிப்போகலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் சில நேரம் மறுப்பார்கள். ஒப்பந்தத்தில் புதிதாகச் சேர்ந்த நாடுகளில் கவுன்டரில் இருப்பவர் பழைய பழக்கத்தில் தூதரக முத்திரை கேட்கக்கூடும். சண்டை போடாதீர்கள், திரும்பியும் வந்துவிடாதீர்கள். அப்போஸ்டிலில் உள்ள கையெழுத்துக்கும் முத்திரைக்கும் மேற்கொண்டு எந்தச் சான்றும் தேவையில்லை என்று 5-ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு நாடுகளும் இருக்கும் உறுப்பினர் அட்டவணையையும் அந்தப் பிரிவையும் அச்செடுத்து, முதலில் வந்த மின்னஞ்சலோடு சேர்த்து மேலதிகாரியிடம் கொடுங்கள். அப்போதும் மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுதித் தந்தால் அதை அப்போஸ்டில் கொடுத்த அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அங்கிருந்து அந்த நாட்டு அதிகாரிகளைத் தொடர்புகொண்டு விளக்கச் சொல்லலாம்.